பொன்னாடை வேண்டாம், பாக்கு வையுங்கள்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், ஊர்ப் பாரதக் கூத்தை மீட்க முயலும் குழுவினருக்கு ஆதரவாக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சற்று முன்னால் தலைவர் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். மறுத்தால் அவர் முகம் வாடிவிடும் என்று வாங்கிக்கொண்டேன். ஆனால் நான் பேச வந்திருப்பதே பொன்னாடைக்கு எதிரான பேச்சு. அதனால் இதை மடித்து மேசைமேல் வைத்துவிடுகிறேன். தலைவர் மன்னிக்க வேண்டும்.

ஒரு பதினைந்து வருடம் இருக்கும். நான் அப்போது ஒரு கல்லூரியில் தமிழ் ஆசிரியன். முத்தமிழ் விழா வந்தது. இயலுக்குப் பட்டிமன்றம், இசைக்கு ஒரு வயலின், நாடகத்துக்குக் கூத்துதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். செய்யாறு பக்கத்துக் கூத்து ஜமா ஒன்றின் வாத்தியாரிடம் தொலைபேசியில் பேசினேன். "எத்தினி நேரம் சார்?" என்றார். "இருபது நிமிஷம் ஒதுக்கியிருக்காங்க" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இருவது நிமிசத்துல கர்ணன் வேசத்தக் கலைக்கக்கூட முடியாதே சார்."

ஆனாலும் வந்தார்கள். பதினொரு பேர், ஒரு வேன், நான்கு தகரப் பெட்டி. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்தோம். இரண்டரை மணி நேரம் அரிதாரம் பூசி, கட்டை கட்டி, கிரீடம் வைத்துத் தயாராக இருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானது. இருபது நிமிடம் பன்னிரண்டு ஆனது. கர்ணன் திரைக்குப் பின்னாலிருந்து பாடி வெளிப்பட்டு, பொன்னுருவியிடம் விடைபெறப் போகும் இடத்தில், தொகுப்பாளர் மாணவி ஒலிபெருக்கியில் நன்றி சொல்லிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை, யாரோ சீட்டு நீட்டினார்கள். பிறகு வாத்தியாருக்குப் பொன்னாடை, கைதட்டல், புகைப்படம். இரவு அவர்களைப் பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன். டீ குடிக்கும்போது அவர் அந்தப் பொன்னாடையை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். "வூட்டுல இதுமாரி நாப்பது துணி கெடக்குது சார். பொம்பள வேசக்காரனுக்கு மேலாக்கு போடலாம்னு பாத்தா வழுக்கிக்கினு ஓடுது. எங்களுக்கு ஒரு ராத்திரி குடுங்க சார், போதும்."

அந்தக் கல்லூரி எது என்று கேட்காதீர்கள். எந்தக் கல்லூரியானாலும் அப்படித்தான் செய்திருக்கும். இந்தக் கதையில் குற்றவாளி நான். கூத்தை வாழவைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அதன் கழுத்தில் துணியைச் சுற்றியவன் நான். முரளி மனோகர் இயக்கிய 'கர்ண மோட்சம்' என்ற குறும்படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். எஸ். ராமகிருஷ்ணன் எழுதியது, தேசிய விருது பெற்றது. கர்ணன் வேடம் கட்டிய ஒரு கலைஞர் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் ஆட வருவார், ஆட்டம் ரத்தாகிவிடும், வேடத்தோடு தெருவில் நிற்பார். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம் வந்தது.

சரி, அந்த வாத்தியார் கேட்ட 'ஒரு ராத்திரி' என்பது என்ன? நாற்காலி காலியாக இருந்தும் பின்வரிசையில் நின்றபடியே கேட்கும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். நம் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் கடைசியாகக் கூத்து நடந்தபோது நீங்கள் தொட்டிலில் இருந்திருப்பீர்கள்.

இரவு பத்து மணி வாக்கில் களரி கட்டுவார்கள். மிருதங்கம், கைத்தாளம், ஹார்மோனியம், அப்புறம் முகவீணை. நாகஸ்வரத்தின் சின்னத் தம்பி அது. நீளம் ஒரு முழம்கூட இராது, சத்தம் மூன்றாவது ஊருக்குக் கேட்கும். வயலில் தண்ணீர் கட்டுகிறவன் அதைக் கேட்டுத்தான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவான். அழைப்பிதழ் அதுதான். கடவுள் வாழ்த்து முடிந்ததும் கட்டியக்காரன் வருவான். அவன் ராஜசபைக்கும் காவலன், நம் ஊருக்கும் ஆள். ஒரு காலை அஸ்தினாபுரத்திலும் இன்னொரு காலை நம் ஊர் ரேஷன் கடையிலும் வைத்துக்கொண்டு பேசுவான். ஊர்த் தலைவரைக் கிண்டல் செய்ய ஊரில் உரிமை உள்ள ஒரே ஆள் அவன். அதற்குப் பிறகு இரண்டு பேர் ஒரு வெள்ளைத் துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதன் மேல்விளிம்பில் கிரீடத்தின் உச்சி மட்டும் மினுக்கும், கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும், நடுவே விருத்தம் ஒலிக்கும். துரியோதனன் வருகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அரை மணி நேரம் அவன் வரமாட்டான். அந்தக் காத்திருப்பில்தான் ஒரு கூலிக்காரர் ராஜாவாகிறார். இருபது நிமிட மேடையில் முதலில் வெட்டப்படுவது இந்தத் திரைதான். திரையை வெட்டினால் மிஞ்சுவது, மாலை வெயிலில் பளபள உடுப்போடு சுற்றிச் சுழன்று குதிக்கும் ஒரு மனிதர். தொலைக்காட்சிக்கு அது போதும்.

கட்டை என்றேன். கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம் எல்லாம் மரம். கல்யாணமுருங்கை மரத்தில் செதுக்குவார்கள், அதுதான் கனமில்லாதது. அதன்மேல் கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டுவார்கள். பந்த வெளிச்சத்தில் ஆடிய காலத்துக்காகச் செய்த தந்திரம் அது. ஒரு தீவட்டியை ஆயிரமாகப் பெருக்கிக் காட்டும். அந்தக் கட்டையை வைத்தே இதற்குக் கட்டைக்கூத்து என்றுதான் பெயர், தெருக்கூத்து என்பது வெளியார் வைத்த பெயர் என்று காஞ்சிபுரத்துக் கலைஞர்கள் வாதாடுகிறார்கள். புரிசை என்ற ஊரின் கலைஞர்கள் தெருக்கூத்து என்றே தங்கள் மன்றத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த வழக்கில் நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. நம் ஊரில் 'கூத்து' என்று மட்டும் சொன்னாலே விளங்கும்.

பாரதம் வைக்கிற ஊரில் இது ஒரு ராத்திரியோடு முடிகிற கதையும் இல்லை. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைச் சொல்லி விளக்குவார், பகலில் சொன்னதை ராத்திரியில் ஜமா ஆடிக்காட்டும். வில்வளைப்பில் தொடங்கிப் பதினெட்டாம் போர் வரை. நடுவில் பகாசுரன் வண்டி தெருத்தெருவாகச் சோறு வாங்கிக்கொண்டு வரும். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு உயரமான தபசு மரம் நட்டு, அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். மேலிருந்து எலுமிச்சம் பழமும் பூவும் வில்வமும் போடுவார். பிள்ளை வேண்டுமென்று ஈரத் துணியோடு கீழே காத்திருக்கும் பெண்கள் முந்தானையில் ஏந்துவார்கள். அந்த நேரத்தில் மரத்தின் மேல் இருப்பவர் நடிகரா அர்ச்சுனனா என்று கேட்டால் கேட்பவனைத்தான் ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். துகில் உரியும் ராத்திரியில் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் காட்டுவார்கள். துச்சாதனன் கட்டியவர் அருள் வந்து துவண்டு விழுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசி நாள் காலை படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். விடிய விடிய ஆடிய உடம்போடு துரியோதனனும் பீமனும் அந்த மண் உருவத்தின் மேல் ஏறி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழும், திரௌபதி கூந்தல் முடிப்பாள். சாயங்காலம் தீமிதி. நெருப்பில் இறங்குகிறவன் ஒரு நாள் விரதத்தில் இறங்குவதில்லை. பத்து ராத்திரி அந்தக் கதையைக் கண்ணால் பார்த்துவிட்டு இறங்குகிறான்.

இது கலையா, சடங்கா, கேளிக்கையா? ஆராய்ச்சிக்காரர்கள் பிரித்துக்கொள்ளட்டும். அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃப் ஹில்டபீட்டல் செஞ்சிப் பக்கத்துக் கோயில்களில் அலைந்து திரௌபதி வழிபாட்டைப் பற்றி இரண்டு தொகுதி எழுதினார், 1988இலும் 1991இலும் வந்தன. ரிச்சர்ட் ஃப்ராஸ்கா கூத்தைப் பற்றி 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். நெதர்லாந்துக்காரரான ஹன்னெ டி ப்ரூன் 1999இல் கட்டைக்கூத்தைப் பற்றி எழுதினார். எல்லாமே ஆங்கிலத்தில். நம் ஊர் பஸ் நிறுத்தத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் நடப்பதை அறிய ஹவாய்க்கும் சிகாகோவுக்கும் போய்ப் புத்தகம் வாங்க வேண்டியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களாவது எழுதினார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த ஒரே விஷயத்துக்கு வருகிறேன். கூத்துக்குப் பள்ளிக்கூடம் எது? ராத்திரிதான்.

ஒரு பையன் ஜமாவில் சேர்ந்தால் யாரும் அவனுக்கு முதல் நாளே அடவு சொல்லித்தர மாட்டார்கள். முதலில் பெட்டி தூக்குவான். அப்புறம் திரை பிடிப்பான். திரை பிடித்து நிற்கும்போது விருத்தம் அவன் காதுக்குள் நேராக விழும். கொஞ்ச நாளில் பின்பாட்டில் சேர்ந்துகொள்வான். தோழிப் பெண் வேடம் ஒன்று கிடைக்கும். என்றைக்கோ ஒரு நாள் அபிமன்யு கட்டுகிறவருக்குக் காய்ச்சல் வரும், இவன் கட்டுவான். பிழை விட்டால் வாத்தியார் மிருதங்கத்திலிருந்து கண்ணை நிமிர்த்திப் பார்ப்பார், அவ்வளவுதான் பாடம். ஆண்டுக்கு நூறு ராத்திரி ஆடும் ஜமாவில் இவன் ஐந்து வருடத்தில் ராஜ வேடத்துக்கு வந்துவிடுவான். பத்து ராத்திரி மட்டுமே ஆடும் ஜமாவில் கிழவனாகும் வரை திரைதான் பிடிப்பான். அதற்கு முன்பே திருப்பூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போய்விடுவான் என்பது வேறு விஷயம். அவன் போனதை நாம் குறை சொல்ல முடியாது. ராத்திரியைக் கொடுக்காதவர்கள் நாம்.

தர்க்கம் என்று ஒன்று உண்டு. கிருஷ்ணன் தூதில் கிருஷ்ணனும் துரியோதனனும் பேசிக்கொள்வது. அச்சிட்ட புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கும். பழைய கூத்துப் புத்தகங்களைச் சென்னை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்றவர்கள் மலிவு விலையில் அச்சிட்டார்கள், திருவிழாக் கடைகளில் விற்கும். அந்த ஒரு பக்கத்தைத் தேர்ந்த இரண்டு ஆட்கள் ஒரு மணி நேரம் ஆடுவார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவி சிரிக்கிறாளா, முணுமுணுக்கிறாளா என்று பார்த்து அடுத்த வார்த்தையை எடுப்பார்கள். இதை எந்த ஏட்டிலும் எழுத முடியாது, எழுதினாலும் அடுத்த ஊரில் பலிக்காது. ஆகவே காணொளி எடுத்து வைத்துவிட்டால் கூத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எடுங்கள், நல்லது, பழைய வாத்தியார்களின் குரலாவது இருக்கும். இன்றைக்கு யூடியூபில் முழு ராத்திரிக் கூத்துகள் ஏராளமாகக் கிடக்கின்றன, பெங்களூரில் கட்டட வேலை செய்கிற நம் ஆட்கள் அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். ஆனால் அந்தக் கிழவி இல்லாமல் தர்க்கம் வளராது.

இரண்டு முயற்சிகளைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டும் வெறும் பொன்னாடையோடு நிற்காதவை.

ஒன்று புரிசை. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு பக்கம். தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் தம்பிரான் குடும்பம் அங்கே. பட்டணத்தில் இருந்துகொண்டு புதுமாதிரி நாடகம் எழுதிக்கொண்டிருந்த ந. முத்துசாமி புரிசைக் கூத்தைப் பார்த்து, தமிழனுக்கு நாடகமே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறோமே, இது என்ன என்று அதிர்ந்துபோனார். கூத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 'அன்று பூட்டிய வண்டி' என்ற தொகுப்பை இந்த நூலகத்தில் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் வாங்கிவைக்கச் சொல்லுங்கள். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியபோது அதன் நடிகர்களுக்குக் கண்ணப்பத் தம்பிரானையே ஆசிரியராக்கினார். இதில் எனக்குப் பிடித்தது, பட்டணத்துக்காரர் கிராமத்துக் கலைஞரிடம் மாணவராகப் போய் நின்றது. நான் செய்ததற்கு நேர்மாறு. தம்பிரான் மறைந்த பிறகும் அவர் குடும்பத்தார் மன்றத்தை நடத்துகிறார்கள். மார்க்வெஸ் கதையைக்கூடக் கூத்தாக்கி ஆடியவர்கள் அவர்கள். ஆண்டுதோறும் அவர் நினைவாக ஊரில் விடிய விடிய விழா நடக்கிறது. போய்ப் பாருங்கள்.

இன்னொன்று காஞ்சிபுரம். பெருங்கட்டூர் ராஜகோபால் பத்து வயதில் கூத்தில் இறங்கியவர், அதனால் பள்ளிப் படிப்பைத் தொலைத்தவர். கலைஞர்கள் தாங்களாகவே ஒரு சங்கமாகக் கூட வேண்டும் என்று 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். ஹன்னெ டி ப்ரூனும் ராஜகோபாலும் சேர்ந்து 2002இல் புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலம் நடத்தத் தொடங்கினார்கள். கூத்தா படிப்பா என்று ஒரு பிள்ளையைக் கேட்பதே அநியாயம், இரண்டும் கொடு என்பதுதான் அவர்கள் கட்சி. பகலில் பாடம், கூடவே கூத்து. பெண்பிள்ளைகளும் கட்டை கட்டினார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையில் அது சின்ன விஷயமில்லை. பதினெட்டு வருடம் நடந்து 2020இல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. அங்கே படித்த பிள்ளைகள் இன்றைக்கும் ஆடுகிறார்கள். அது ஏன் நிற்க வேண்டி வந்தது என்று அவர்களைக் கேட்பதைவிட, அப்படி ஒரு பள்ளியை ஒரு சங்கமே தூக்கிச் சுமக்க வேண்டியிருந்தது ஏன் என்று நம்மைக் கேட்டுக்கொள்வது மரியாதை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா? செய்கிறது, இல்லை என்று சொன்னால் பாவம். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. நலிந்த நிலையில் உள்ள கலைஞர்களுக்கு மாத உதவித் தொகை உண்டு. சென்னையில் பொங்கலுக்குச் சங்கமம் நடக்கிறது, பூங்காவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே கூத்தைப் பார்த்த ஒரு பிள்ளை பின்னால் ஊருக்கு வந்து முழுதாகப் பார்க்கலாம். ஆனால் அரசு கொடுப்பது கலைஞருக்கு. கூத்துக்கு யார் கொடுப்பது? உதவித் தொகை வாங்கும் துரியோதனன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவர் பசி ஆறும், அவருடைய துரியோதனன் பட்டினி கிடப்பான். 2020 மார்ச் 24இல் ஊரடங்கு அறிவித்தார்களே, அது பங்குனி மாதம். மாசியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும்தான் ஜமாக்களுக்குச் சீசன், வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். அடுத்த வருடமும் அதே கதி. பல ஊர்கள் அந்த இரண்டு வருடத்தில் கூத்தில்லாமல் திருவிழா நடத்தப் பழகிக்கொண்டன. பழகியதை விடுவது கஷ்டம்.

நம் ஊர் அதற்கு முன்பே பழகிவிட்டது. காரணம் உங்களுக்கே தெரியும். ஒரு வருடம் இளவட்டங்கள் இன்னிசைக் கச்சேரி கேட்டார்கள். சரி, ஒரு ராத்திரி கொடுப்போம் என்று பெரியவர்கள் விட்டார்கள். அடுத்த வருடம் இரண்டு ராத்திரி. அப்புறம் கூத்து படுகளத்துக்கு மட்டும் என்று ஆனது. பிறகு படுகளத்துக்கும் ஆளில்லாமல், மண் உருவத்தைச் செய்து பூசை போட்டு முடித்துக்கொண்டோம். யாரும் கூத்தை நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இடத்தைக் கொடுத்தோம், அது போய்விட்டது. அந்த இளவட்டங்களில் ஒருவர்தான் இன்றைக்கு இந்த மீட்புக் குழுவின் பொருளாளர் என்பதை அவர் அனுமதியோடு சொல்கிறேன். அவர் இப்போது சிரிப்பதைப் பாருங்கள்.

இந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்? டீக்கடைக்காரர், பால் சொசைட்டி எழுத்தர், மகளிர் குழுவிலிருந்து இரண்டு அம்மாக்கள், ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி. பெரிய மனிதர்கள் ஒருவரும் இல்லை, அதுவே நல்ல சகுனம். போன ஐப்பசியில் ஆரம்பித்து வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். நம் ஊரில் நானூறு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஐந்நூறு ரூபாய் வரி என்று பேசியிருக்கிறார்கள், முழுதும் வந்தால் இரண்டு லட்சம். ஜமாவுக்குப் பேசிய தொகையை மேடையில் சொல்வது முறையில்லை, அது ஊருக்கும் வாத்தியாருக்கும் இடையே வெற்றிலைப் பாக்கு வைத்துப் பேசியது. பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டேன். இன்னிசைக் கச்சேரிக்காரனிடம் பேரம் பேசாத ஊர் கூத்தாடியிடம் மட்டும் ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் மல்லுக்கு நிற்பதை ஆயுள் முழுதும் பார்த்தவன் நான். இந்தச் செய்தி எனக்கு எவ்வளவு குளிர்ச்சி என்று சொல்ல முடியாது.

குழுவுக்குச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு, கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

நானூறு தலைக்கட்டு என்கிறீர்களே, அந்தக் கணக்கில் காலனியைச் சேர்த்திருக்கிறீர்களா? பழைய வரி நோட்டில் அவர்கள் பெயர் இல்லை, எனக்குத் தெரியும். அப்போது அவர்கள் கூத்தை எங்கே நின்று பார்த்தார்கள் என்பதும் தெரியும். 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். பட்டியல் சாதியினர் உள்ளே வரக்கூடாது என்ற தகராறு. கதவைத் திறந்து பூசை நடத்தவே நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. சபையில் மானம் பறிபோனவளுக்குக் கோயில் கட்டிவிட்டு, வாசலில் நின்று இன்னொருவன் மானத்தைப் பறிப்பதற்கு எந்தப் பாரதத்திலும் இடமில்லை. நம் ஊரில் வரி வாங்குவது எல்லா வீட்டிலும் வாங்குங்கள். பகாசுரன் வண்டி எல்லாத் தெருவுக்கும் போகட்டும். பழையதை மீட்கிறோம் என்று பழைய அவமானத்தையும் சேர்த்து மீட்க வேண்டாம். அதற்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்க நான் தயாரில்லை.

அதே போல, பழைய நாளில் கூத்தாடிகளை நாம் நடத்திய விதம். ராத்திரி முழுக்க ராஜாவாக வைத்திருந்து, விடிந்ததும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் இலை போட்டோம். இந்த முறை அவர்கள் தங்கப் பள்ளிக்கூடத்தின் இரண்டு அறையைக் கேட்டு வாங்குங்கள். கழிப்பறை இருக்கிற அறையாகப் பார்த்து வாங்குங்கள். ஜமாவில் இரண்டு பெண்கள் வருகிறார்கள் என்று வாத்தியார் சொன்னாராம், அவர்கள் வேடம் கட்டத் தனி இடம் வேண்டும். அரிதாரம் அழிக்கத் தேங்காய் எண்ணெயும் வெந்நீரும் காலையில் தயாராக இருக்க வேண்டும். முதலில் சோறு அவர்களுக்கு, அப்புறம் ஊர்ப் பெரியவர்களுக்கு.

இன்னொன்று ஒலிபெருக்கி. கோபுரம் மாதிரி பெட்டியை அடுக்காதீர்கள். முகவீணை அதில் அலறும், பேச்சு புரியாது. இரண்டு மைக் மேலே தொங்கவிட்டால் போதும். ஊர்ப் பிரமுகர்களை நடுராத்திரியில் கூத்தை நிறுத்திவிட்டுக் கௌரவிக்கும் பழக்கம் ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது. அதைச் செய்தால் நான் எழுந்து போய்விடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன். அன்பளிப்பு கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், கட்டியக்காரன் பெயரைச் சொல்லுவான், அவன் சொல்லும் விதத்தில் கொடுத்தவருக்கே சிரிப்பு வரும். அதற்கு மேல் என்ன கௌரவம்?

உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இருக்குமா என்று இங்கே வரும் வழியில் ஒரு தம்பி கேட்டார். முழு ராத்திரியும் கண் கொட்டாமல் எந்தக் காலத்திலும் யாரும் பார்த்ததில்லை, தம்பி. தூங்கித் தூங்கித்தான் பார்த்தோம். நான் கீசக வதத்தில் தூங்கி, கீசகன் செத்த சத்தத்தில்தான் விழிப்பேன். அம்மா மடியில் தலை, காதில் மிருதங்கம். எழுந்து டீ குடிக்கலாம், வேர்க்கடலை தின்னலாம், பக்கத்து ஊர் மாமன் மகளைப் பார்க்கலாம். கூத்து அதற்கெல்லாம் இடம் வைத்துத்தான் நடக்கும். செல்போனையும் பையில் போட வேண்டியதில்லை, வீடியோ எடுங்கள், ஆனால் எடுப்பவர் முன்னால் நிற்காதீர்கள், பின்னால் கிழவிகள் இருப்பார்கள். அவர்கள் வாயில் விழுந்தால் துரியோதனனாலும் காப்பாற்ற முடியாது.

அன்று கல்லூரிக்கு வந்த அந்த ஜமா வாத்தியார் இப்போது இல்லை. அவர் மகன் ஜமாவை நடத்துகிறார். நம் ஊர் பாக்கு வைத்திருப்பது அந்த ஜமாவுக்குத்தான். இதை இங்கே வந்த பிறகுதான் பொருளாளர் சொன்னார். நான் செய்ததற்குப் பரிகாரம் என்று சொல்ல மாட்டேன், பரிகாரம் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. பத்து ராத்திரியும் முன்வரிசையில் பாய் போட்டு உட்காரப் போகிறேன், அவ்வளவுதான்.

இந்தப் பொன்னாடையைப் பொருளாளரிடமே கொடுக்கிறேன், திரைக்குக் காணாது, பெட்டி மூடவாவது உதவும். வரி நோட்டு வாசலில் இருக்கிறது. இன்றைக்குக் கையில் இல்லாதவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள், அறுப்பு முடிந்து கொடுக்கலாம் என்று குழு சொல்கிறது. சித்திரையில் கொடியேற்றம். முதல் ராத்திரி வில்வளைப்பு. பத்து மணிக்குக் களரி கட்டுகிறார்கள். பாயும், விடியற்காலைப் பனிக்கு ஒரு போர்வையும் கொண்டு வாருங்கள்.